தெருப்படத்தில் ஹம்தான்

கல் லாரி ஓட்டுகிறவனுக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் உடம்பை நீட்டிப் படுக்கக் கிடைக்கும். ஹம்தான் அந்த ஞாயிற்றையும் புதையல் வேட்டைக்குக் கொடுத்துவிட்டு, ஈப்போ வீட்டின் சாப்பாட்டு மேசையில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி ரொஹானி மடிக்கணினியோடு. திரையின் ஒரு கட்டத்தில் டயர் கடை பூன் ஹோக், இன்னொன்றில் கூச்சிங்கிலிருந்து ஜெசிந்தா.

முன்பெல்லாம் நால்வரும் பூன் ஹோக்கின் ஓட்டைக் காரில்தான் வேட்டைக்குப் போவார்கள். அவன் ஓட்டுவான், ரொஹானி புதிரைப் படிப்பாள், ஜெசிந்தா யோசிப்பாள், ஹம்தான் சன்னலில் தலையை நீட்டிக் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவான். ஏதோ ஒரு பலகையில்தான் விடை இருக்கும். வங்கி ஜெசிந்தாவைக் கடல் தாண்டி மாற்றியதும் அணி கலைந்தது. வேட்டை இணையத்துக்கு வந்த பிறகு மறுபடி கூடிவிட்டது. இப்போது காரும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். வரைபடத்தில் தெருப்படங்களை விரலால் நகர்த்திக்கொண்டே போய், படத்தில் தெரியும் பலகையில் விடையைப் பிடித்துத் தட்டிவிட வேண்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வசதி என்பான் பூன் ஹோக்: செலவும் இல்லை, யார் வயிற்றிலிருந்து நாற்றம் வந்தது என்ற சண்டையும் இல்லை.

இத்தனை வருடத்தில் முதல் பத்து அணிக்குள் அவர்கள் வந்ததே கிடையாது. அன்று வந்தார்கள். மதியத்துக்கு மேல் மதிப்பெண் பக்கத்தில் அவர்களும் ஒரு பினாங்கு அணியும் மட்டுமே உச்சியில் நின்றார்கள். இரண்டு அணிக்கும் ஒரே ஒரு புதிர் பாக்கி. முதல் பரிசு இரட்டைக் கதவுக் குளிர்பெட்டி. ரொஹானியின் பழைய பெட்டி கதவு மூடாமல், லாரிக் கயிற்றால் கட்டித்தான் நிற்கிறது. காலையிலிருந்து அவள் அந்தப் பரிசின் படத்தை எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று ஹம்தானுக்குத் தெரியும்.

கடைசிப் புதிர் தைப்பிங் சந்தைப் பக்கத்துச் சாலையில். ‘கிழக்கில் முளைப்பவனிடம் போனால் ராஜாவும் தலை குனிய வேண்டும்.’ பூன் ஹோக் கோயில், பள்ளிவாசல், செருப்புக் கடை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தான். ஜெசிந்தாதான் பிடித்தாள். கிழக்கில் முளைப்பவன் சூரியன். ராஜாவும் தலை குனிகிற இடம் முடி வெட்டும் கடை. ஆக, சூரியன் பெயர் வைத்த முடிதிருத்தும் கடைப் பலகை ஒன்று அந்தச் சாலையிலோ அதன் சந்திலோ இருக்க வேண்டும்.

சாலை முழுக்க மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்கள். முடி வெட்டும் கடைகள் இருந்தன, சூரியன் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சந்து. ஜெசிந்தா அதற்குள் நுழையப் போனபோது, அதைத் தான் பார்த்துவிட்டதாகவும் அங்கே ஒன்றும் இல்லை என்றும் ரொஹானி சொல்லிவிட்டாள். எல்லோரும் திரும்பவும் சாலையின் தொடக்கத்துக்கே போனார்கள்.

ஹம்தானுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சிவப்புச் சூரியன் வரைந்த பலகை இருக்கிறது. அதன் கீழே, தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய செண்டோல் விற்கிற வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் அவனே இருக்கிறான்.

சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவன், இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று ரொஹானியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தான். அடுத்த சில மாதத்திலேயே தைப்பிங்கில் கல்லை இறக்கிவிட்டு, செண்டோல் சாப்பிட அந்தச் சந்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் கூரையில் கேமரா கட்டிய கார் ஒன்று ஊர்ந்து போனது. மடையன், கரண்டியோடு கையை வேறு ஆட்டினான். அந்தக் காருக்குத் தெருப்படம் எடுப்பதுதான் வேலை என்று அன்றைக்கு அவனுக்கு எங்கே தெரியும்?

நேரம் கரைந்தது. பூன் ஹோக் எல்லோரையும் சோம்பேறிகள் என்று திட்டினான். ரொஹானி உதட்டைக் கடித்துக்கொண்டு, பார்த்த கடைகளையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஒரு பொருளைக் கேட்டதில்லை. ஹம்தான் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"சந்துக்குள்ள போங்க," என்றான்.

"அங்க ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல," என்றாள் ரொஹானி, கொஞ்சம் கடுப்பாகவே.

"இருக்கு. நானே இருக்கேன்."

ஜெசிந்தா சந்துக்குள் நுழைந்தாள். வண்டியருகே இருந்தவனின் முகத்தை இயந்திரம் மங்கலாக்கிவிட்டிருந்தது. ஆனால் குவாரியின் மஞ்சள் சட்டை அப்படியே இருந்தது, தூக்கிய கையில் கரண்டியும் மறு கையில் கிண்ணமும் இருந்தன, படத்தின் மூலையில் சத்தியத்துக்குப் பிந்தைய மாதமும் வருடமும் இருந்தன.

"மூஞ்சிய மறைச்சவன் தொப்பைய மறைக்க மறந்துட்டான்லா," என்றான் பூன் ஹோக்.

பலகையின் பாதியை வண்டிக் குடை மறைத்தது. ஜெசிந்தா படத்தைக் கொஞ்சம் திருப்பினாள். சிவப்புச் சூரியனும், மத்தஹாரி முடிதிருத்தகம் என்ற பெயரும் முழுதாகத் தெரிந்தன. மலாயில் மத்தஹாரி என்றால் சூரியன்தான். அவள் தட்டினாள். பச்சை விளக்கு விழுந்தது. ஆனால் பினாங்குக்காரர்களின் விளக்கு அதற்குச் சற்று முன்பே விழுந்துவிட்டிருந்தது.

இரண்டாம் பரிசு, காற்றில் பொரிக்கிற அடுப்பு. முதல் பத்துக்கே வராதவர்களுக்கு அதுவே திருவிழா. ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்து குதித்தாள். பூன் ஹோக் மட்டும் விடவில்லை. சந்துக்குள் பார்த்துவிட்டேன் என்று சொன்ன ரொஹானி அக்காவுக்குச் சுவரளவு சூரியன் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று கேட்டான்.

ரொஹானி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேட்டை தைப்பிங்கில் என்று அறிவித்த அன்றே, பழகிக்கொள்ளலாமென்று அந்தத் தெருவெல்லாம் நகர்த்திப் பார்த்தாளாம்.

"அன்னிக்கே பாத்துட்டேன். இவர் கையில இருந்த கிண்ணத்தப் பாப்பேனா, பலகையப் பாப்பேனா?" என்றாள். "உங்க முன்னாடி மானம் போக வேணாம்னுதான் இன்னிக்கு அந்தப் பக்கமே விடல."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மறைச்சு என் முதல் பரிசத் தின்னுட்டீங்க," என்று பூன் ஹோக் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஜெசிந்தா சிரித்துச் சிரித்து இருமினாள்.

ஹம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்தது, ஆனால் உதட்டோரம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் குரலை இறக்கிச் சொன்னான்: "ஒரே ஒரு கிண்ணம்தான் ரோ. வெயில் அப்படி."

ரொஹானி விரலால் படத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். இந்தக் கோணத்தில் செண்டோல் வண்டிக்குப் பக்கத்து மேசை முழுதாகத் தெரிந்தது. அவன் முழங்கைக்குப் பக்கத்தில், நக்கித் துடைத்த இன்னொரு கிண்ணம்.