மணல்தேரின் ஏழாம் பாகம்

லோகநாதன் அந்தப் பார்சலை இருபத்து மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தான். இதைச் சொல்லாமல் மேலே போனால் அவனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெண்டாட்டி தேவகியிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராத" என்றுகூடச் சொல்லியிருந்தான். தேவகி அந்தச் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவைப்பாள் என்பது பதினைந்து வருஷமாக அவனுக்குத் தெரியும். அது யார் குற்றம்?

பார்சலில் இருந்தது 'மணல்தேர்' கதையின் ஏழாம் பாகம், அதாவது கடைசிப் பாகம். பாலையைக் கடந்து போகும் ஒரு தேர், அதைக் குதிரை இல்லாமல் ஓட்டத் தெரிந்த கொற்றி என்ற பெண், சாபத்தில் காற்றாகிப்போன அவள் அண்ணன் வடவன். அண்ணனை மீட்கத் தங்கை புறப்பட்ட கதை. முதல் பாகத்தை அபிதகுசாம்பாள் ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப்போட்டிப் பரிசாக வாங்கிவந்தாள். அவள் லோகநாதனின் தங்கை, வீட்டில் அபிதா. அவனோ எட்டாவதோடு படிப்பை விட்டு பவர்லூம் ஷெட்டுக்குப் போனவன். அப்போதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அதனால் அவள் வாய்விட்டுப் படித்தாள், அவன் கேட்டான். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பக்கத்தைத் திருப்பக்கூடாது என்று ஒரு சட்டமும் தானாகவே வந்து சேர்ந்தது. யாரும் சத்தியம் வாங்கவில்லை. வாங்காமலேயே இருபது வருஷம் நடந்தது.

அபிதாவைத் தேசூரில் கட்டிக்கொடுத்த பிறகும் நடந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கத்தை அவள் மணல்தேருக்கும் சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்தபோது ஐந்தாம் பாகம், இரண்டாவதுக்கு வந்தபோது ஆறாம் பாகம். கைக்குழந்தை வீறிட்டால், "இரு கண்ணு, இந்தப் பக்கம் முடிச்சிட்டு வரேன்" என்பாள். அதன்பின் ஆறு வருஷம் எழுதியவரிடமிருந்து மூச்சே இல்லை. "ஏழாவதுக்காக இன்னொண்ணு பெத்துக்க முடியாதுண்ணா, நீயே வாங்கி வையி. நான் ரெண்டு நாள் லீவு கேட்டுகினு வரேன்" என்று போனில் சிரித்தாள்.

புத்தகம் வந்தது. அவளால் வர முடியவில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் சொட்டு மருந்து, அப்புறம் பெரியவளுக்குப் பரீட்சை. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறாகத் தள்ளிப்போனது. இதற்குள் வாட்ஸ்அப்பில் இருந்த மணல்தேர் குரூப் எழவு வீடாகிவிட்டது. முடித்தவர்கள் முடிவைச் சொல்லக்கூடாது என்று அட்மின் கட்டளை போட்டிருந்தார். ஆகவே எல்லாரும் சொல்லாமல் அழுதார்கள். "ரெண்டு நாளா சோறு இறங்கல" என்று ஒருவர். "இருபது வருஷம் கூட வந்ததுக்கு இதுவா மரியாதை?" என்று ஒருவர். செய்யார் கம்பெனி பஸ்ஸில் முடித்துவிட்டு இறங்க மறந்துபோனதாக ஒரு பெண். லோகநாதன் குரூப்பையே மூடிவைத்தான். மூடியும் என்ன, மனசு அரிசி டப்பாவையே சுற்றிக்கொண்டிருந்தது.

இருபத்து நான்காம் நாள் ஊரில் மாதாந்திர கரண்ட் கட். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. கரண்ட் இல்லாவிட்டால் ஷெட்டுக்காரனுக்கு என்ன வேலை? தேவகி சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஃபேன் ஓடவில்லை, டிவி இல்லை, செல்லில் சார்ஜும் இல்லை. முதல் அத்தியாயம் மட்டும் படிப்போம், அபிதா படிக்கும்போது மறுபடி கேட்டுக்கொள்ளலாம், அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தான். ஒட்டியிருந்த டேப்பைக் கிழியாமல் பதமாக உரித்தான். மறுபடி ஒட்டும் உத்தேசத்தோடு உரிப்பவன் ஒரு அத்தியாயத்தோடு நிற்பானா? மறுநாள் காய்ச்சல் என்று ஷெட்டுக்குப் பொய் சொல்லிவிட்டு, அன்று மதியம் நானூற்று அறுபதாம் பக்கத்தில் வந்து நின்றான்.

நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தேவகி வந்து பார்த்து, "யாரு பூட்டாங்க?" என்று கேட்டாள். சாவுச் செய்தி கேட்டவன் முகம் போல இருந்தது அவன் முகம்.

கொற்றி போய்விட்டாள். அதுதான் சங்கதி. இருபது வருஷமாகத் தேரை ஓட்டிவந்தவள், அண்ணனுக்கு உடம்பு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தன் உடம்பை மணலுக்குக் கொடுத்துவிட்டாள். வடவன் மட்டும் தனியாக வீட்டுக் கதவைத் தட்டுகிறான். லோகநாதனுக்கு யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும் போல் இருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் தேசூரில் இருந்தாள். அவளிடம் மட்டும் சொல்ல முடியாது. தான் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பார்சலை மறுபடி ஒட்டி, புடவைகளுக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்தான்.

ஷெட்டில் பதினாறு தறி ஓடும். அத்தனையும் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான். புதிதாக வருகிறவனுக்கு ஆறு மாதம் பிடிக்கும். பழகிவிட்டால் குடும்பச் சண்டையிலிருந்து கோயில் திருவிழா வரை சத்தமில்லாமலே பேசி முடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு தறி தள்ளி நின்ற சுதாகரிடம் லோகநாதன் தாங்கமாட்டாமல் கொட்டிவிட்டான். சுதாகர் கதைப் புத்தகத்தை மோந்துகூடப் பார்க்காதவன். கேட்க ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான்.

"கொற்றி செத்துட்டாடா. கடசில வடவன் மட்டும் தான் ஊடு திரும்பறான். ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

"கதைல செத்ததுக்கா? உனுக்கு வேற வேலயே இல்லையா?" என்றது சுதாகரின் உதடு.

"என் தங்கச்சி வந்து படிக்கணும்னு இருக்குது. அவளுக்குத் தெரியாம நான் படிச்சிட்டேன். அவ மூஞ்சிய எப்பிடிப் பாக்கறதுன்னே தெரியல."

சுதாகரின் பார்வை வாசலுக்குப் போனது. லோகநாதன் தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினான். வாசலில் அபிதா, தோளில் பை, கையில் பூப்பொட்டலம். சனிக்கிழமை வருவதாகச் சொன்னவள், அண்ணனை அசத்தலாம் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்து, பஸ் இறங்கிய கையோடு ஷெட்டுக்கே வந்திருந்தாள்.

அவன் ஓடினான். "எப்ப வந்த?"

"இப்ப தான்" என்றாள் அவள். "ஜல்தி வாண்ணா. ரெண்டு நாள் தான் டைம்."

கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் அவளும் இதே ஷெட்டில் வேலை பார்த்தவள். அது அவனுக்கு வழியெல்லாம் நினைவில் குத்தியது. ஒன்பது வருஷம் ஆகிறதே, உதட்டுப் பேச்சு மறந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அவள் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. மாமியாரின் கருப்புக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படியானால் பார்க்கவில்லை என்று அவன் முடிவு கட்டினான். தப்பு செய்தவனுக்குத் தனக்கு வசதியானதுதான் முதலில் நம்பத் தோன்றும்.

வீட்டில் அவள் பார்சலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேப்பின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை தடவினாள். பிறகு பிரித்தாள்.

அந்த இரண்டு நாளும் அவள் படித்த அழகை என்னவென்று சொல்வது! கொற்றிக்கு ஒரு குரல், கிழட்டு ஒட்டகத்துக்கு ஒரு குரல், வடவனுக்கு மூச்சுமட்டுமே உள்ள குரல். தேவகிகூட வெங்காயத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கினாள். நடுநடுவே அபிதா நிறுத்தி, "இப்ப இன்னா ஆவும்னு நெனைக்கறண்ணா?" என்று கேட்பாள். அவன் தலையைச் சொறிந்து, தெரியாதவன் போல் எதையாவது சொல்வான். ஒருமுறை, "கொற்றி பொழைப்பாளாண்ணா?" என்று கேட்டாள். "அவளுக்கு ஒண்ணும் ஆவாது, பாத்துகினே இரு" என்றான். அவள் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். இவ்வளவு சந்தோஷமாகப் படிக்கிறவளைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவான். கோழைத்தனத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் பாசம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வாக்கில் கடைசி அத்தியாயம். தேவகி கடைக்குப் போயிருந்தாள். அபிதாவின் குரல் தாழ்ந்தது. தேர் மணல்மேட்டின் உச்சியில் நிற்கிறது. கொற்றி தேரைப் பிடித்திருந்த கையை விடுகிறாள். அடுத்து வரப்போவது தெரிந்து லோகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"'தேர் மெல்ல இறங்கியது'" என்று அபிதா படித்தாள். "'வடவனுக்கு உடம்பு திரும்பியிருந்தது. கொற்றி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.'"

அப்படி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இருவரும் வீட்டுக்கு வருவதே இல்லை. லோகநாதனின் வாய் தானாகத் திறந்தது. 'அப்படி இல்லையே அபிதா' என்ற மூன்று சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் மாட்டிக்கொள்வான். துக்கம் தாங்காமல் இவளாகவே மாற்றிப் படிக்கிறாள் போலிருக்கிறது, படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்து வாயை மூடினான்.

அவள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எப்பிடிண்ணா இருக்குது முடிவு?"

"நல்லா இருக்குது. கொற்றி பொழைச்சிட்டா பாரு, நான் தான் சொன்னனே."

"நெஜமா தான் சொல்றியா?"

"பின்ன? நீ படிக்கிற, நான் கேக்கறேன். எனக்கு இன்னா தெரியும்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பி, பக்கம் அவனுக்குத் தெரியும்படி நீட்டினாள்.

"ஷெட்டு வாசல்லயே பாத்துட்டேன்ணா. கொற்றி செத்தத மட்டும் இல்ல, எனுக்குத் தெரியாம படிச்சிட்டேன்னு நீ சொன்னதையும் தான். சரி, ஆச அடக்க முடியல, நீயே சொல்லுவன்னு நெனைச்சேன். வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு ரெண்டு பேரும் உக்காந்து அழுதிருப்போம். ரெண்டு நாளா கேட்டுகினே இருந்தனே, எத்தினி வாட்டி கேட்டேன்?"

அவன் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"கடசியா தான் மாத்திப் படிச்சேன். இப்பயாவது இல்லன்னு சொல்லுவன்னு. நாலு வரி பொய் படிக்கறதுக்கே எனுக்கு நாக்கு வறண்டு போச்சி. நீ எப்பிடிண்ணா ரெண்டு நாளும் சொன்ன?"

"அபிதா, தப்பு தான். நீ அழுவாத. நான் படிக்கறேன், இரு. உள்ளபடியே கடசி வரைக்கும் படிக்கறேன், நீ கேளு" என்று அவன் புத்தகத்தை எடுத்தான். எழுத்து கலங்கித் தெரிந்தது. இரண்டு வரி தாண்டுவதற்குள் குரல் உடைந்தது.

"வாணாம்ணா" என்றாள் அவள், கோபமில்லாமல். அந்தக் கோபமில்லாததுதான் அவனை அறுத்தது. "நீ ஏற்கெனவே அழுது முடிச்சிட்ட. நான் ஊட்டுக்குப் போயி அழுதுக்கறேன்."

முகம் கழுவிக்கொண்டு பையைக் கட்டினாள். கடையிலிருந்து திரும்பிய தேவகியிடம், "மாமி தனியா இருப்பாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். அவள் மறுக்கவில்லை. வழியில் பெரியவளின் பரீட்சை பற்றிக் கேட்டான், பதில் சொன்னாள். வந்தவாசி போய்த்தான் தேசூருக்கு மாற வேண்டும்; அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். புத்தகத்தை நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இதற்கு முன்பும் அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்ததுண்டு. அபிதாவின் கல்யாணப் பேச்சில் ஒருமுறை, அம்மா காரியத்தில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அடுத்த பாகம் வந்து இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். அந்த நம்பிக்கை இருபது வருஷம் ஊறிப்போன பழக்கமாக அவன் வாயில் வந்தது.

"அடுத்த வாட்டி நீ வர்ற வரைக்கும் தொடவே மாட்டேன் அபிதா. சத்தியமா."

டிரைவர் வண்டியை எடுத்தார். அவள் ஜன்னல் வழியாக அவன் கையைத் தொட்டாள்.

"அடுத்தது எங்கண்ணா இருக்குது?" என்றாள்.