காலியாக விட்ட கோத்திரம்

அர்ச்சனைக்கு முன் சொல்லும் சங்கல்பமே ஒரு டெம்ப்ளேட்தானே! மந்திரம் மாறாது, பெயர்தான் மாறும். அர்ச்சகர் வீட்டுப் பெண் சைலஜா இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாவின் கோயிலுக்கென்று ஓர் அர்ச்சனைப் பதிவுத் தளம் எழுதினாள். எங்கேயோ இருக்கும் பக்தர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் தட்டிவிட்டால், சர்வர் அவற்றை டெம்ப்ளேட்டில் நிரப்பிச் சங்கல்பப் பக்கமாக அவர் போனுக்கே அனுப்பும். அப்பா ஏகாம்பரநாதன் அதன் நகலைப் பார்த்துச் சன்னதியில் சொல்வார். பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் ஒரு காலையில் மண் விழுந்தது. கீழ்பென்னாத்தூர் கஸ்தூரி வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். புருஷன் குமரேசனுக்கு மதியம் நெஞ்சில் ஆபரேஷன். உச்சிக்கால பூஜையில் அவர் பெயருக்கு அர்ச்சனை நடக்க வேண்டும். எத்தனை தடவை தட்டினாலும் 'பிழை' என்றே வருகிறதாம்.

"எங்களுக்குக் கோத்திரம்லாம் தெரியாதும்மா, காலியா விட்டுட்டேன். அதான் சாமி வேணாம்னுட்டாரு போல."

சைலஜாவுக்குச் சுருக்கென்றது. சர்வரைத் திறந்து பார்த்தாள். கோத்திரம் காலியாக வந்ததும் டெம்ப்ளேட் பாதியில் நின்றுபோய், பக்கத்துக்குப் பதிலாகப் பிழையை அனுப்பியிருந்தது. அவள் சோதித்ததெல்லாம் சித்தப்பா, அத்தை, மாமா பெயர்களை வைத்துத்தான். அந்தக் கூட்டத்தில் கோத்திரம் தெரியாதவர் யார் இருக்கப்போகிறார்கள்?

கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, பெயரைச் சொன்னால் போதும், தானே பண்ணிவிடுவதாகச் சொன்னார்.

"தெரியாதவாளுக்குச் சிவ கோத்திரம்னு சொல்லிப் பண்றதுதானேடி வழக்கம். சன்னதியில யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கோமா?"

"நான் அனுப்பியிருக்கேன்பா. அவா போன்லயே அந்தப் பேர் வரணும். வராம நான் எழுந்திருக்க மாட்டேன்."

பிடித்தால் குரங்குப்பிடிதான் அவளுக்கு. காலியாக வந்தால் 'சிவ கோத்திரம்' என்று போடும்படி டெம்ப்ளேட்டை மாற்றினாள். வேறோர் இடத்தில் உடைந்தது. அதையும் சரிசெய்தாள். காபி ஆறி ஏடு கட்டியது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஒருவழியாகக் கஸ்தூரியை மறுபடி தட்டச் சொன்னாள்.

கஸ்தூரி போனில் வந்ததை மெதுவாகப் படித்தாள். "குமரேசன். பூச நட்சத்திரம். சிவ கோத்திரம்." அவள் குரல் உடைந்துவிட்டது. "எங்களையும் சேத்துக்கினாராம்மா?"

"சாமி எப்பவோ சேர்த்துக்கிட்டாருங்க. நான்தான் கதவைச் சாத்தி வெச்சிருந்தேன்."

அப்பா பெயரைப் பார்த்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். சைலஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிழையை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்ட மற்றவர்களின் எண்களைத் தேட உட்கார்ந்தாள்.