கரடிப் பாறையில் வெல்லக்கூழ்

லீவு போட்டுவிட்டு, பை தூக்கிக்கொண்டு, காட்டுக்குள் போய்க் கரடி பார்க்கிற மனிதர்களை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். புதுச்சேரி காந்தி வீதியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் டிராவல்ஸ். ‘மூன்று நாள் மலை விடுமுறை, கரடி நிச்சயம்’ என்று வாசலில் போர்டு. நிச்சயமாம்! கரடி என்ன முதலாளி கமலக்கண்ணனுக்கு மச்சானா, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க? புக்கிங் எடுப்பதும், வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வதும் என் வேலை. என் பேர் தீபலட்சுமி.

அந்த நிச்சயத்தை உண்டாக்கியவன் என் அண்ணன் மதிவாணன். மலையில் ஒரு தனியார் எஸ்டேட்டின் ஓரத்தில் பெரிய பாறை ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கொட்டகையிலேயே தங்கி, தினம் சாயங்காலம் கேழ்வரகும் வெல்லமும் போட்டுக் கூழ் காய்ச்சிப் பாறையில் பூசுவான். வேறு ஆளாக இருந்தால் வாளியோடு ஊற்றிவிட்டு ஓடி வந்திருப்பான். இவன் ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலால் அமுக்கி அமுக்கி வைப்பான். கரடி அதை நக்கி எடுக்க அரைமணி நேரம் ஆகும். எதிரே மறைவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆசை தீரப் போட்டோ எடுக்கலாம்.

போன ஆவணியில் கூழ் பூசப் போனவன் திரும்பவில்லை. கிழிந்த சட்டை மட்டும் கிடைத்தது. பத்து நாள் தேடிவிட்டு, கரடிதான் என்று முடிவு கட்டினார்கள். டூர் நின்றது. பாறைக்கு எதிரே மரத்தில் கட்டியிருந்த கேமராவைக் கழற்றி வர யாருக்கும் தைரியமில்லை. இலை அசைந்தாலே படம் எடுத்து, என் கையிலிருக்கும் ஆபீஸ் போனுக்கு அனுப்புகிற கேமரா அது.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு நாள், படம் வந்தது. ஐந்தே காலுக்குக் காய்ந்த பாறை. ஐந்தரைக்கு எல்லாக் குழியிலும் கூழ், ஈரம் மின்ன. குழியோரங்களில் விரல் தடம். நடுவில் ஒரு படம்கூட இல்லை. பூசிய ஆள் எங்கே? அடுத்த படத்தில் இரண்டு பெரிய கரடிகளும் ஒரு குட்டியும். மூன்றும் பாறையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, படத்துக்கு வெளியே, வலது பக்கம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தீனி வைக்க வந்தவரை மாடு பார்க்குமே, அப்படி.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அடிவாரத்தில் எஸ்டேட்டைக் காவல் காக்கும் செம்மலுக்குப் போன் போட்டு, ஏறிப் பார்க்கச் சொன்னேன்.

“யாரும் இல்லக்கா. கூழு காய்ச்சற கொட்டாயில நான் போட்ட பூட்டு அப்பிடியே தொங்குது,” என்றான். “ஆனா பாறையில தொட்டுப் பார்த்தேன். சூடா இருக்குதுக்கா. இனிமே என்ன ஏறச் சொல்லாத.”

முதலாளியிடம் காட்டினேன். “அழிச்சிட்டு வேலையப் பாரும்மா,” என்றார். அப்பா ஜானகிராமனிடம் காட்டினேன். மில்லில் முப்பது வருடம் நூல் பார்த்த கண், போனை மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இதுல கரடிதான இருக்குது? என் புள்ள எங்க இருக்கான், காட்டு,” என்றார்.

அண்ணி கலைவாணியிடம் மட்டும் காட்டவில்லை. பாவம், என்ன ஏது என்று தெரியாமல் ஏன் அவளுக்கு ஆசை காட்ட வேண்டும் என்று இருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் நெருப்பை வைக்க.

ஏழு மாதம் அப்படியே ஓடியது. வைகாசியில் அண்ணியே வாய் திறந்தாள்.

“தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா தீபா? இருக்காரா இல்லையான்னு தெரியாம வாசலயே பாத்துட்டு இருக்க என்னால முடியல. கருமாதி பண்ணிடலாம். மாமாகிட்ட நீயே சொல்லு.”

போன் என் கையில்தான் இருந்தது. நீட்டியிருக்கலாம். “சொல்றேன் அண்ணி,” என்றேன்.

திருக்காஞ்சியில் ஆற்றங்கரையில் நடந்தது. உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். அண்ணியின் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அவள் மகள் கவிநிலா அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், எங்கேயோ கிடக்கிற உயிராயிற்றே, பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வந்து பிண்டம் வாங்கும் என்றார் காரியம் செய்தவர். அப்பா மலை இருக்கிற மேற்கே திரும்பி நின்றார்.

“மதிவாணா, வந்து வாங்கிக்கப்பா!” மூன்று தரம். மூன்றாவது தரம் குரல் வரவில்லை. நான்தான் சேர்ந்து கத்தினேன்.

அன்று சாயங்காலம் வந்த படத்தில் பாறை காய்ந்து கிடந்தது. கரடிகள் மூன்றும் வந்து உட்கார்ந்திருந்தன. இந்தத் தடவை வலது பக்கம் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே இறங்கும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

விடிந்ததும் செம்மலுக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். மத்தியானம் மலையிலிருந்தே கூப்பிட்டான். அப்போது நான் உழவர்கரையில், எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன்.

“பூட்டு பூட்டினபடியே இருக்குதுக்கா. ஆனா பானை வெளிய இருக்குது. கழுவி, கவுத்து வெச்சிருக்குது. இன்னும் தண்ணி காயல,” என்றான். “லீவுல ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன் இப்பிடித்தான வெச்சிட்டு வருவாரு.”

போனை வைத்தபோது அண்ணி எதிரே நின்றாள். “யாரு தீபா?”

இதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. செம்மல் சொன்னதைச் சொல்லி, ஐப்பசியிலிருந்து வந்த படங்களை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் குழியோரத்து விரல் தடத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் தன் விரலை வைத்தாள்.

“நேத்து காலையில இத காட்டியிருந்தாகூடப் போதுமேடி,” என்றாள்.

கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். வருவது ஆளா வேறெதுவா என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை.

“பானைத் தண்ணி காயலன்னா, இருட்டறதுக்குள்ள வந்துடுவாரு,” என்றாள். “இந்தக் கழுத்தோட நான் எப்பிடி அவரு எதிர்ல நிப்பேன்?”

பிறகு கவிநிலாவை உள்ளே கூப்பிட்டு, பட்டப்பகலில், தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.