லயத்தில் வாசித்த ஓலை

என் புருஷன் சின்னராசாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் என்று கெடு வைத்துவிட்டார்கள். ஈரலில் கட்டி. அது தொண்ணூற்றேழு ஜனவரி. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை, நான் எதைச் சமைக்க?

மகள் ஜெயமலருக்குத் தெமோதரையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். இவர் கண்ணை மூடுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். வேறு நினைப்பே எனக்கு இல்லை. ஆனால் எங்கள் சபையில் நினைத்த நாளில் தாலி கட்டிவிட முடியாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். அதோடு பெப்ரவரி பன்னிரண்டு சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தபசு நாட்கள், கல்யாணமே கிடையாது. விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். புதனுக்கு முன்னால் மூன்றே ஞாயிறுதான் இருந்தது. ஒன்று தவறினாலும் ஈஸ்டருக்குப் போய்விடும். அதுவரை அவர் தாங்கமாட்டார்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஞாயிறு காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. நான் பதறிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். போதகர் பதுளையிலிருந்து மாதம் ஒருமுறைதான் எங்கள் மடுல்சீமைக்கு வருவார், மற்ற ஞாயிறுகளில் எல்லாம் உபதேசியார்தான். அவரையும் கூடியிருந்த சனத்தையும் அப்படியே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கிளப்பிக்கொண்டு வந்தேன். காம்பரா அறையிலும் வாசலிலுமாக நின்று பாடினார்கள், ஜெபித்தார்கள். ஓலையையும் இங்கேயே வாசித்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். உபதேசியார் தயங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசித்தார். மத்தியானம் மூச்சு சீரானது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து, கல்யாண நாளை உறுதி செய்யப் பதுளைக்குப் போனேன். லயத்தில் வாசித்த ஓலை செல்லாது என்றார் போதகர். தடை சொல்ல நினைக்கிறவன் கோயிலுக்குத்தானே வருவான், உங்கள் வீட்டுக்கு எப்படி வருவான் என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆண்டவர் லயத்துக்கு வரமாட்டாரா என்று கேட்டேன். அவர் காலண்டரைப் புரட்டினார். ஈஸ்டர் திங்களன்று தானே வந்து நடத்தி வைப்பதாகச் சொன்னார். பஸ்ஸில் பாதி வழி அவரைத் திட்டினேன், மீதி வழி என்னை.

முப்பது வருசம் தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலை பார்த்த என் மனுஷன், விஷயத்தைக் கேட்டுக் கோபப்படவில்லை. நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன் என்று அழுதேன்.

"கவ்வாத்து வெட்டுன மலையில மறுநாளே கொழுந்து எடுக்க ஏலுமா? அதுக்குன்னு ஒரு காலம் இருக்கு. அது ஆண்டவர் கையில இருக்கட்டும். நீ புடுங்காத."

"அந்தக் காலத்துல நீங்க இருக்க மாட்டீங்களே" என்றேன். அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது.

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"கோயிலுக்கு நடக்க ஏலாதவன் நான். எம் மக பேரயும் மாப்புள பேரயும் சேத்து வாசிச்சத, படுத்த எடத்துல கேக்க வச்சிட்டியே. எனக்கு அதுதான் கல்யாணம், புள்ள."

மார்ச் பத்தாம் தேதி போய்விட்டார். ஈஸ்டருக்கு இருபது நாள் இருந்தது. துக்க வீட்டில் அதற்குள் கல்யாணமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் நாளை மாற்றவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் கோயில் புத்தகத்தில் கைநாட்டு வைக்கப் போனேன். ஓலை வாசித்த நாட்களைப் போதகர் சத்தமாகப் படித்தார். ஜனவரி இருபத்தாறு, பெப்ரவரி ஒன்பது, பெப்ரவரி பதினாறு. என் புருஷன் கேட்ட ஓலை மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை.