ஏரா மரத்தில் இரண்டு கோடுகள்

மிக்கியோனுக்கு அந்த வெளியூர்க்காரனைக் கண்ட நாள் முதலே ஆகவில்லை. ஹெகெசியாஸ் என்று பெயராம். ஏதென்ஸ் பணக்காரப் பிள்ளைகளுக்கு ‘சோஃபியா’ கற்றுத் தருகிறவனாம். பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்து, போர்க்கப்பல் கட்டும் தலைமைத் தச்சனான இவனைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாக அந்த ஒரு சொல்லைப் பற்றியே குடைந்துகொண்டிருந்தான்.

“ஞானம்னுதான் நான் சொல்லிக் குடுக்கறேன், ஐயா. ஆனா அந்தக் காலத்துல தச்சனோட கைத்திறமையைத்தான் சோஃபியான்னாங்களாமே?”

“இப்பவும் அதான். நூல் அடிச்சா கோணக் கூடாது. அது கண்ணுல இருக்குய்யா. நீங்கதான் திருடிட்டுப் போயி வாய்க்குள்ள வச்சுக்கிட்டீங்க.”

ஹெகெசியாஸ் சிரித்தபடி மெழுகுப் பலகையில் ஏதோ கீறிக்கொண்டான். சொல்லைக் கேட்க வந்தவனுக்கு மரத்தைத் தடவிப் பார்க்க என்ன வேலை? எதிரி ஊர்க்காரன் எவனோ அனுப்பிய வேவுக்காரன்தான் என்று மிக்கியோன் முடிவே கட்டிவிட்டான்.

நாலாம் நாள் பிற்பகல், கூட வேலை செய்யும் சிமோன் மரம் செதுக்கும் வாய்ச்சியோடு வந்து நின்றான்.

“அண்ணே, ஏரா மரத்துல ரெண்டு கோடு கிடக்கு. எதைப் பிடிச்சு வெட்டறது?”

மிக்கியோன் எழுந்து ஓடினான். கப்பலுக்கே முதுகெலும்பு அந்த மரம். காலையில் காவி நனைத்த நூலால் ஒரே கோடுதான் அடித்திருந்தான். மூக்கு உரசக் குனிந்து பார்த்தான். ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு. தப்பான கோட்டில் வெட்டினால் மரம் பாழ். மறுநாள் காலை மேற்பார்வையாளர் வருகிறார். தலைமைப் பதவி அத்தோடு போய்விடும்.

அந்த நேரம் பார்த்தா ஹெகெசியாஸ் வர வேண்டும்? அவன் மேலாடை ஓரத்தில் பளிச்சென்று காவிக்கறை!

“அகப்பட்டியாடா! என் மரத்துல கை வச்சது நீதானா?”

“ஐயா, இது சந்தையில கயிறு...”

“உன் பேச்சையெல்லாம் பணக்காரப் பசங்ககிட்ட வச்சுக்க!”

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். மெழுகுப் பலகை கீழே விழுந்து கிடந்தது.

சிமோன் தன் தோள்துணியைத் திருப்பிக் காட்டினான். அதிலும் காவி.

“இன்னிக்கு மக்கள் சபை கூடுற நாளுண்ணே. சந்தையில நின்னு கதையடிக்கிறவங்களைக் காவி தோய்ச்ச கயிறு பிடிச்சுச் சபைக்கு ஓட்டுவாங்கல்ல? வெளியூர்க்காரனும் நடுவுல மாட்டியிருப்பான்.”

“அப்ப அந்தக் கோடு?”

சிமோன் தலையைக் குனிந்துகொண்டான். “மத்தியானம் நான் வந்தப்ப நீங்கதான் நூலை நனைச்சு அடிச்சுக்கிட்டிருந்தீங்க. ஏதோ காரணமாத்தான்னு நினைச்சேன்.”

“மங்கலாத் தெரிஞ்சுதுன்னு அதே கோட்டு மேலதானடா அடிச்சேன்.”

சிமோன் இரண்டு கோட்டுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினான். சில மாதமாகவே மிக்கியோன் காவி சரியில்லை, நூல் சரியில்லை என்று எல்லாரையும் வைதுகொண்டிருந்தான். பழுது காவியில் இல்லை, தன் கண்ணில்தான் என்று உறைத்ததும் அவமானத்தில் உடம்பு கூசியது. கீழே கிடந்த பலகையை எடுத்துச் சிமோனிடம் நீட்டினான்.

“என்னடா எழுதியிருக்கான்?”

“‘சோஃபியா கண்ணில் இருக்கிறது. சொன்னவர் தச்சர் மிக்கியோன்.’”

மிக்கியோன் ஏரா மரத்தின் பக்கம் திரும்பினான். பிறகு, இருபது வருடத்தில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டான்.

“எதுடா சரியான கோடு?”

“காலையில அடிச்சதுண்ணே.”

“அதையே பிடிச்சு வெட்டு. நாளைக்கு மேற்பார்வையாளர் வந்தா, இனிமே நூல் அடிக்கப்போறது நீதான்னு நீயே சொல்லிரு.” காவி நூலைச் சிமோன் கையில் வைத்துவிட்டுப் பலகையை வாங்கிக்கொண்டான். “நான் போயி அந்த ஆளைத் தேடறேன். கண்ணுல இருக்குன்னு நான் சொன்னதைத் திருத்தி எழுதணும்.”