இடது மூலையில் லட்ரீஸ்

டேட்டன் நகரத்து அந்தச் சின்ன வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்திய பிறகும் கோரின் மேப்ரி பத்து நிமிடம் இறங்கவில்லை. சின்சினாட்டியிலிருந்து ஒரு மணி நேரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பேச்சில் ஒரு வரிகூட இப்போது நினைவில் இல்லை. கடைசியில் போய் மணியை அழுத்தினாள். லட்ரீஸ் பெக்கம் கதவைத் திறந்தாள். வலது முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்தாள்.

“சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.”

“ஜனவரி குளிர்ல டேட்டனுக்கு யாருடி சும்மா வர்றா? உள்ள வா, கதவைச் சாத்து.”

இருவரும் ஆறு வருடம் சின்சினாட்டி பெண்கள் கூடைப்பந்து அணியில் ஒன்றாக ஆடியவர்கள். போன அக்டோபரில் டென்வர் அணியுடன் சாம்பியன் பட்டத்துக்கான தொடர். ஐந்து ஆட்டங்களில் மூன்றை ஜெயிக்க வேண்டும். நான்காவது ஆட்டத்தில் கோரின் ஒருத்தியே முப்பத்தெட்டு புள்ளி எடுத்தாள், அணி தோற்றது. தொடர் இரண்டுக்கு இரண்டு. உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் லட்ரீஸ் கேட்டாள்: “நாங்க நாலு பேரும் உனக்குக் கைதட்டவா களத்துல நிக்கிறோம்?” யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் கோரினை அதிகம் சுட்டது. கேட்டவள் பதின்மூன்று வருடம் ஆடியும் ஒரு கோப்பையைத் தொடாதவள், அடுத்த ஆட்டத்தோடு ஓய்வு பெறப்போகிறவள் என்பதெல்லாம் அப்போது கோரினுக்கு உறைக்கவில்லை.

ஐந்தாவது ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஏழு விநாடி பாக்கி. கோரின் கூடையை நோக்கிப் பாய வேண்டும், இரண்டு பேர் அவளை மறிக்க வருவார்கள், உடனே இடது மூலையில் நிற்கும் லட்ரீஸுக்குப் பந்தை வீச வேண்டும். அதுவரை பயிற்சியாளர் சொன்னபடியே நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள். மூலையில் லட்ரீஸ் தன்னந்தனியாக, மார்புக்கு நேரே இரண்டு கைகளையும் விரித்து, “கோரி!” என்று கத்தினாள். கோரின் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். ‘கைதட்டவா நிக்கிறோம்’ என்ற குரல் காதுக்குள் கேட்டது. இரண்டு பேரின் தலைக்கு மேலாகத் தானே எறிந்தாள். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்து உள்ளே விழுந்தது.

விழுந்த பந்தில் யார் குறை காண்பார்கள்? பத்திரிகைகள் துணிச்சல் என்று எழுதின. ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தக் கூச்சலுக்கு நடுவே லட்ரீஸ் அவளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: “என்னைப் பாத்தியா?”

“இல்ல, சத்தியமா பாக்கல.”

“சரி,” என்றாள் லட்ரீஸ்.

பந்து வெளியே போயிருந்தால் நாலு பேர் திட்டியிருப்பார்கள், அழுது தீர்த்திருக்கலாம் என்று கோரினுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

லட்ரீஸ் பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் சேர்ந்திருப்பதாகவும், காலை ஐந்து மணிக்கே ஓட்டுநர்கள் போன் செய்து உயிரை எடுப்பதாகவும் சொல்லிச் சிரித்தாள். கோரினுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அன்னிக்குப் பொய் சொன்னேன். உன்னைப் பாத்தேன்.”

லட்ரீஸ் ரொட்டியைப் பிட்டாள். “தெரியும். உன் கண்ணு எங்க போவும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் கேட்டே?”

“உன் வாயால வரும்னு பாத்தேன்.”

“மன்னிச்சிடு.”

“ஜெயிச்சோம் இல்ல, விடு. ஜெயிச்ச அணியில எல்லாருக்கும் மோதிரம் குடுப்பாங்க, நானும் போட்டுக்குவேன்.” முழங்காலில் நழுவிய ஐஸ் பையைச் சரிசெய்தாள். “ஆனா அந்தப் பந்து எங்கிட்ட வந்திருந்தா போட்டிருப்பேனா, விட்டிருப்பேனா? படுத்தா அதான் ஓடுது, கோரி. விட்டிருந்தாக்கூட அது என்னோடதா இருந்திருக்கும்.”

குழம்பு ஆறிப்போயிருந்தது. கடைசிச் சொட்டு வரை கோரின் சாப்பிட்டு முடித்தாள்.

வெளியே மழையும் பனியுமாகப் பெய்து, வண்டியின் முன்கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டியாக இறுகியிருந்தது. கோரின் ஏறி உட்கார்ந்து, சுரண்ட எதுவும் அகப்படாமல் துழாவிக்கொண்டிருந்தாள். வீட்டுச் செருப்போடு, தோளில் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி லட்ரீஸ் வந்தாள். கையில் சுரண்டி.

“நீ உள்ள போ, நான் பாத்துக்கறேன்.”

“உக்காரு.”

வெளியிலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். கண்ணாடியில் முதலில் ஒரு கீற்று விலகியது, அதில் அவள் மணிக்கட்டு தெரிந்தது. பிறகு கழுத்து, தாடை, மூச்சின் புகை. முகம் தெரிந்தபோது அவள் உள்ளே பார்க்கவில்லை. சுரண்டும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.