மழைநாள் புகை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது யகோமினா ஒரு கையால் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பாட்டுப்புத்தகத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அந்த மறைக்கிற கையைத்தான் லெவினா முதலில் பார்த்தாள். அண்ணியின் வயிறு பெருத்திருப்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

வெளியே வந்ததும் டோர்சி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமல் அந்த ஊரில் ஒரு கோழிகூட முட்டையிடாது.

"உங்கண்ணனை அடக்கம் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு? இந்த வயசுல அவளுக்கு வயித்துல என்னடி இருக்கும்?"

"வாயுவா இருக்கும்."

"வாயு! அது பாட்டுக்குக் கடல் அட்டை மாதிரி ஊதிக்கிட்டு வருது. நான் ஒண்ணும் சொல்லலம்மா. விரிகுடாவுக்கே வெளிச்சம்."

விரிகுடா மூடியிருந்தது. சென்ற வருஷத்துக்கு முந்தைய வருஷம் கடல்முனையில் இரண்டு கம்பங்கள் நட்டு, குறுக்கே குருத்தோலை கட்டி, போதகரம்மா ஜெபம் பண்ணி மூடியது. இந்தத் தடையைச் சாசி என்பார்கள். அது இருக்கும்வரை அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு கடல் அட்டையைக்கூட யாரும் எடுக்கக்கூடாது. காவலுக்கு ஆள் போடுவதில்லை. எடுத்தவருடைய வயிறு ஊதும், சபைக்கு முன்னால் ஒப்புக்கொண்டால் வற்றும். அந்த ஒரு பயம் அத்தனை வருஷமாக விரிகுடாவைக் காத்துவந்தது.

இந்த முறை கிறிஸ்துமஸுக்கு முன்னால் திறப்பதாக ஏற்பாடு. கிடைப்பதை விற்று ஊர்ப் படகுக்குப் புது எஞ்சின் போட வேண்டும். பழைய எஞ்சின் செத்துப்போய்க் கிடந்தது. பிள்ளை வலி எடுத்தாலும், காய்ச்சல் முற்றினாலும், மசோஹி ஆஸ்பத்திரிக்குப் போக ஊருக்கு வேறு வழி இல்லை. சாசியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் சங்கத்துக்கு லெவினா தலைவி. எஞ்சின் வந்து சேரும்வரை அவளுக்கு நிம்மதி கிடையாது.

டோர்சி சொன்னதை அவள் நம்பவில்லை. ஆனால் அன்று மாலையே அவள் மனம் தடயங்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டது. போன மாதம் விடிகாலையில் அண்ணியின் கைலி நனைந்திருந்தது. ஒருநாள் சமையல் நேரமே இல்லாத நேரத்தில் அவள் அடுப்படியிலிருந்து புகை வந்தது. அப்புறம் அந்தப் புது நீல வாளி. ஒரு வாளி வாங்கக்கூட ஒருத்திக்கு உரிமை இல்லையா என்று லெவினா தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்ட கையோடு, ஒண்டிக்கட்டைக்கு எதற்கு அவ்வளவு பெரிய வாளி என்றும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அண்ணி வீட்டுக்குப் போனாள். கடல் அட்டையைக் குடல் நீக்கி, வேகவைத்து, புகைபோட்டுத்தான் காயவைக்க வேண்டும். அந்த நாற்றம் கூரையில் ஏறினால் லேசில் போகாது. வாசலைத் தாண்டும்போதே அவள் மூக்கு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"மூக்கால தேடாதடி" என்றாள் யகோமினா. அடுப்பில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. "மூடியைத் திறந்தே பாரு. கொய்யா இலை. குடிச்சா வலி கொஞ்சம் கேக்குது."

லெவினாவுக்கு முகம் சுட்டது. "ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க அண்ணி."

"ஊர் எப்பப் பேசல? உங்கண்ணன் என்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே எனக்கு மாறுகண்ணுன்னு பேசுச்சு. அவரும் பாவம், கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் என் கண்ணையே உத்து உத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு."

"விளையாடாதீங்க. திறப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இப்பப் போயி ஊர் ரெண்டுபட்டா எஞ்சின் கனவுதான். சபை முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாரும் மன்னிச்சிடுவாங்க. வயிறும்..."

"என்னன்னு சொல்லணும்?"

லெவினா தரையைப் பார்த்தாள். யகோமினா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் எடுக்கல லெவி. நீ நம்புறியா?"

பதில் லெவினாவிடம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் அவள் கண் மூலையிலிருந்த நீல வாளிக்குப் போய்த் திரும்பியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். "நம்புறேன் அண்ணி" என்றாள்.

யகோமினா அகப்பையை எடுத்துப் பானையை ஒருமுறை கிண்டினாள். பிறகு, "சரி, இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடுறேன்" என்றாள்.

வீடு திரும்பும்போது லெவினாவுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்படியென்றால் எடுத்திருக்கிறாள். தன் சந்தேகம் வீணானது இல்லை. அந்த நிம்மதி தனக்கே அருவருப்பாக இருந்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் அதை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யகோமினா எழுந்து நின்று, "ஒரு கூடை எடுத்தேன்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. போதகரம்மா அவள் தலையில் கைவைத்து ஜெபித்தாள். பெண்கள் அழுதார்கள். டோர்சி எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். மதியம் எல்லா வீட்டிலிருந்தும் மீன் வந்தது. பெரிய சட்டியில் சாகுப்பனை மாவில் கூழ் கிண்டி, மஞ்சள் குழம்பு ஊற்றிச் சேர்ந்து சாப்பிட்டார்கள். முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு லெவினா ஒவ்வொரு தட்டாகப் பரிமாறி வந்தாள்.

வரிசையின் கடைசியில் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"ஒரு கூடையாம். யாருகிட்ட வித்தா?" என்றாள் டோர்சி, முள்ளைத் துப்பிவிட்டு. "வாங்கினவன் ஒருத்தன் இருப்பான்ல. அவன் இவ ஒருத்திக்காகவா படகு கட்டி வந்தான்?"

"அதானே."

"இவளாச்சும் ஒத்துக்கிட்டா. ஒத்துக்காம உக்காந்து கூழ் குடிக்கிறவங்க எத்தனை பேரோ."

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தார்கள். ஒரு ஆண்குரல் சொன்னது: "இவ்வளவுதானா? ஒரு ஜெபம், ஒரு விருந்து. நானும் ரொம்பப் பயந்துட்டேன்."

லெவினாவின் கையிலிருந்த அகப்பை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. என்னவோ கழன்று விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

அதற்கடுத்த வாரங்களில் விடாமல் மழை பெய்தது. குன்றுமேல் இருக்கும் மரவள்ளிக் கொல்லைகளிலிருந்து புகை எழுந்தது. முதலில் ஓரிடத்தில், பிறகு அங்கங்கே, ஈரக் காற்றில் மேலேற முடியாமல் மரங்களுக்கிடையிலேயே சுருண்டுகொண்டு. கேட்டால் கொல்லை எரிக்கிறோம் என்றார்கள். மழையில் யார் கொல்லை எரிப்பார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே.

லெவினா கேட்கலாம் என்றுதான் இருந்தாள், புருஷன் வில்லெமின் சட்டையைத் துவைக்க எடுக்கிற வரைக்கும். சட்டையை முகத்தருகே கொண்டுபோனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நாற்றத்துக்குச் சாட்சி தேவையில்லை.

"எப்போலேருந்து?"

வில்லெம் மறைக்கவில்லை. "டோர்சி வீட்டுக்காரன் எடுக்கப் போனதுக்கப்புறம்தான்."

"அவன் போனதைப் பாத்தியா?"

"அவன் கொல்லையில புகையைப் பாத்தேன்."

"அவன் உன் கொல்லைப் புகையைப் பாத்திருப்பான்."

"இருக்கட்டுமே. எஞ்சினுக்கு மிச்சம் இருக்கும்டி. நான் என்ன எல்லாத்தையுமா வாரிட்டு வந்துட்டேன்? நம்ம பங்கை எடுத்தேன். விட்டுவச்சா அவனுங்க எடுப்பானுங்க, நீ தலைவின்னு கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு வேடிக்கை பாரு."

அவள் சட்டையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். போதகரம்மாவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால், தலைவி வீட்டிலேயே எடுத்தாயிற்று என்று ஆகிவிடும். அப்புறம் மிச்சமிருக்கிறவர்களும் இறங்கிவிடுவார்கள். ஆகவே ஊருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். பிறகு, இதே காரணத்தை இந்த மழையில் இன்னும் எத்தனை பெண்கள் துணி துவைத்துக்கொண்டு நினைக்கிறார்களோ என்றும் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

திறக்கிற நாளில் வானம் வெளுத்திருந்தது. போதகரம்மா காய்ந்துபோன குருத்தோலையை அறுத்தாள். துடுப்புப் படகுகள் போயின. லெவினா முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் குதித்தாள். அடியில் மணல் பெருக்கிவிட்ட முற்றம்போலக் கிடந்தது. பாறை இடுக்குகளில் கையை விட்டுத் துழாவினாள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு ஒன்று தட்டுப்பட்டது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது, சுற்றிலும் தண்ணீருக்கு மேல் தெரிந்த தலைகளைப் பார்த்தாள். அதிர்ச்சியைக் காட்டிக்கொள்வதில் எல்லோரும் கொஞ்சம் பிந்திவிட்டார்கள்.

"ஒரு கூடைன்னா சொன்னா யகோமினா?" என்று டோர்சி படகிலிருந்து கத்தினாள். "அந்தக் கூடைக்கு அடியே கிடையாது போலிருக்கு!"

சிரிப்பு எழுந்தது. எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

"சும்மா இரு டோர்சி" என்றாள் லெவினா.

"நான் இருக்கேன்மா. உங்க வீட்டுக்காரர் மழையில கொல்லை எரிச்சாரே, என்ன நட்டாரு? தலைவி வீட்டுல விளைஞ்சதை நாங்களும் பாக்கலாமா?"

"நான் எடுக்கல."

இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

மறுபடி மூடுவதற்காக வெட்டி வைத்திருந்த புதுக் குருத்தோலை கரையிலேயே கிடந்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கை பிடித்துத்தான் அதைக் கட்டவேண்டும். போதகரம்மா இரண்டுமுறை மணி அடித்தும் ஆள் சேரவில்லை. நான் விட்டுவைத்து யார் தின்பதற்கு என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரம் சுகாதாரப் படகு வந்தது. நர்ஸ் யகோமினாவின் வயிற்றை அங்குமிங்கும் அழுத்திப் பார்த்துவிட்டு லெவினாவை வெளியே கூப்பிட்டாள்.

"கர்ப்பப்பையில கட்டி. ரொம்ப நாளா வளந்திருக்கு. உடனே மசோஹிக்குக் கொண்டு போங்க. எங்க படகு தெற்குத் தீவெல்லாம் சுத்திட்டுத்தான் திரும்பும், அதுவரைக்கும் தாங்காது."

"சபையில ஒத்துக்கிட்டாங்களே" என்று லெவினாவின் வாய் தானாகச் சொன்னது.

"எதை?" என்றாள் நர்ஸ்.

ஊர்ப் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. வெளியூர்ப் படகைக் கூப்பிடக் காசு கேட்டு வீடு வீடாகப் போனாள். அவள் கூடை வித்த காசு எங்கே போச்சு என்றார்கள். கடைசியில், கொப்பரை ஏற்ற வந்த படகுக்காரன் மூட்டைகளுக்கு நடுவே இடம் கொடுத்தான். லெவினா அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகு கடல்முனையைத் தாண்டியது. வெறும் கம்பங்கள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

"நீங்க எடுக்கல" என்றாள் லெவினா.

"அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு அண்ணி சபையில அப்படிச் சொன்னீங்க?"

யகோமினா கண்ணைத் திறக்கவில்லை. "உன்னைக் கேட்டேன். நீ வாளியைப் பாத்தே. நீயே வாளியைப் பாத்தா ஊர்ல மிச்சம் யாருடி இருக்கா? உண்மையைச் சொன்னா என் அடுப்பை மோந்து பாக்குறாங்க. பொய்யைச் சொன்னா அழுது கட்டிப் பிடிச்சு மீன் குழம்பு ஊத்துறாங்க. எனக்கும் வலி தாங்கல. ஒரு வேளையாவது எல்லாரும் நல்லபடியா இருக்கட்டுமேன்னு..." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மீனு நல்லாத்தான் இருந்துச்சு."

லெவினாவால் சிரிக்கவும் முடியவில்லை. கொப்பரையின் சிக்கு நெடி தொண்டையில் ஏறியது. அவளுக்கு ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது. கேட்கத் தனக்கு வாய் உண்டா என்று தெரியவில்லை.

"அண்ணி. வில்லெம் எடுத்தாரு. தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. ஆனா என் கையால ஒண்ணுகூட எடுக்கல. நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றாள் யகோமினா.

உடனே சொன்னாள். நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்ததுபோல் லெவினாவுக்குக் கண் நிறைந்தது. அண்ணியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கை அங்கேயே நின்றது.

இவ்வளவு சீக்கிரமாக ஏன் சொன்னாள்?

குனிந்து, மூடியிருந்த அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.